மிதக்க மட்டும்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அக்காக்கள் நிறைய. 'அக்கா' என்று யாராவது கூப்பிட்டால் பாதித் தலைகள் திரும்பும். அதனால் அவரவர் கையில் இருக்கும் துணியே அவரவர் பெயராகிவிட்டது. துண்டுகளைப் பார்ப்பவள் துண்டக்கா. அறுவை அறைப் பச்சை அங்கிகளைப் பார்ப்பவள் பச்சையக்கா. படுக்கை விரிப்புகளை நீளமான இஸ்திரி உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் சுடச்சுட வருவதை வாங்கி மடிப்பவள் விரிப்பக்கா.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. விரித்துப் பிடித்து ஓர் உதறு. அடியில் காற்று புகுந்து வெள்ளைத் துணி ஒரு கணம் வயிறு உப்பி நிற்கும். அது இறங்கும்போது இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, முனைகளைக் கையில் கொடுத்துவிட்டு, மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். மறுபடி வர வேண்டும். நாள் முழுக்க வந்து வந்து போகிற வேலை. விரிப்பக்காவின் ஜோடி துண்டக்காதான். இத்தனை வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்டதைவிடக் கை தொட்டுக்கொண்டதுதான் அதிகம். பேசினாலும் கேட்காது. துவைக்கிற இயந்திரமும் பிழிகிற இயந்திரமும் போடுகிற கூச்சலில் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. வேலை முடிந்து வெளியே வந்த பிறகும் விரிப்பக்காவின் காதுக்குள் ஓர் உருளை ஓடிக்கொண்டே இருக்கும். சாப்பிடும்போதும் ஓடும். தலையணையில் காதை வைத்தால் இன்னும் நன்றாக ஓடும்.

வீடு மேல்மாடியில், இரண்டு அறை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், "பதறாதீங்க, இதோ ஆச்சு" என்று கதவிடுக்கு வழியாகச் சொல்லிச் சொல்லி அவர் குரலே பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. யாராவது அதைச் சொல்லிச் சிரித்தால், "வேலை பாக்கற மொகத்தயே வீட்லயும் பாக்கணுமா?" என்பார். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அடுத்த தெருவில் கணவரின் அக்கா தனியாக இருக்கிறார். தபால் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர். இன்றும் ஒருவர் பேசி முடித்ததும் அவர் கண் அடுத்த ஆளைத் தேடும். மகளுக்கு அத்தை, விரிப்பக்காவுக்கு அண்ணி.

இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. தனக்கு வேண்டியதை ஒருவரும் தன் பெயரில் கேட்பதில்லை. இன்னொருவர் பெயரில்தான் கேட்பார்கள். கணவருக்கு டீ வேண்டுமென்றால், "பாப்பா, உங்க அம்மா களைச்சுப்போய் வந்திருக்கா, கொஞ்சம் டீ போடேன்" என்பார். வந்த டீயை அவரே குடிப்பார். மகளுக்குக் குளிரெடுத்தால், "அப்பாவுக்கு ஒத்துக்காது" என்று ஃபேனை நிறுத்துவாள். அப்பா வியர்வையோடு உட்கார்ந்திருப்பார். அத்தைக்கு வீட்டுக்குப் போக வேண்டுமென்றால், "உங்களுக்கெல்லாம் தூக்கம் வருது, பாவம்" என்று எழுந்து செருப்பைத் தேடுவார். வெளியாளுக்கு இது பைத்தியக்கார வீடு. உள்ளே இருப்பவர்களுக்கு இது மரியாதை. கல்யாணத்துக்கு முன்னால் முதன்முதலில் விரிப்பக்காவிடம் தனியாகப் பேசக் கிடைத்தபோது கணவர் சொன்னதே, "எங்க அக்காவுக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு" என்பதுதான். அக்கா அதுவரை அவளைப் பார்த்ததேயில்லை.

அவளுக்கும் அது பழகிவிட்டது. பழகியதோடு, அந்தக் கலையில் மற்றவர்களையே தோற்கடித்துவிட்டாள்.

சலவைக்கூடத்தை ஒட்டினாற்போல் நகராட்சியின் நீச்சல்குளம் இருக்கிறது. மதியத்தில் பெண்களுக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தார்கள். துண்டக்காவுக்கு இடுப்பு வலி. தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார் மருத்துவர். தனியாகப் போக வெட்கப்பட்டு அவள் விரிப்பக்காவையும் இழுத்துக்கொண்டு போனாள். நான்கைந்து முறை போனதும், "மூக்குல ஏறுதுடி, இதுக்கு இடுப்பு வலியே தேவலாம்" என்று துண்டக்கா நின்றுவிட்டாள். விரிப்பக்கா நிற்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டு ஓடினாள்.

அங்கே கழுத்தில் விசில் தொங்கவிட்ட ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். மகள் வயதுதான் இருக்கும். நீந்தக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். கையும் காலும் சேர்ந்து வரவில்லை. சரி, மிதக்கவாவது செய்யட்டும் என்று மல்லாக்கப் படுக்க வைத்தாள்.

"தலையப் புடிச்சுக்கிட்டே இருக்கீங்க பாருங்க. தலைய தண்ணிக்குக் குடுத்துடுங்க. அது வச்சுக்கும்."

விரிப்பக்கா கொடுத்தாள். காது இரண்டும் தண்ணீருக்குள் போயின. உருளை நின்றுவிட்டது.

அவ்வளவுதான். அந்த அமைதியை அவள் யாரிடமும் விவரித்ததில்லை; விவரிக்கத் தெரியவும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் யாராவது பக்கத்தில் குதிப்பார்கள், அலை வரும், விசில் ஊதும், எழுந்து ஈரத் தலையைக் கட்டிக்கொண்டு உருளைக்குப் போக வேண்டியதுதான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவள் காலையில் எழுந்தாள் என்றுகூடச் சொல்லலாம். விசில்காரி ஒருநாள் போகிறபோக்கில் சொன்னாள்: "இதுக்கே இப்படிச் சொக்கிப்போறீங்க. கடல்ல படுத்துப் பாருங்க. உப்புத் தண்ணி தானா தூக்கிக் குடுக்கும். எவ்வளவு நேரம் வேணா இருக்கலாம், விசில் ஊத ஆள் கிடையாது." அன்றிலிருந்து விரிப்பக்காவுக்குக் கடல்மேல் ஓர் ஆசை விழுந்தது.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்றால், சொல்வதற்கு வழியில்லை. யார் பெயரில் சொல்வது? ஒருமுறை, "துண்டக்காவுக்கு இடுப்பு வலியாம், தண்ணியில நடக்கச் சொல்லியிருக்காங்க" என்று ஆரம்பித்தாள். எல்லாரும் "பாவம்" என்றார்கள். அத்தோடு முடிந்தது.

கப்பல் பயணமும் அந்த வீட்டுப் பாணியில்தான் வந்தது. அத்தை ஒரு மாலை வந்து உட்கார்ந்து, "தம்பிக்குச் சின்ன வயசுலேர்ந்தே கப்பல்ல போகணும்னு ஒரே ஆசை. நான் இருக்கறப்பவே கூட்டிட்டுப் போயிடலாம்னு பாக்கறேன்" என்றார். தம்பிக்குப் பூங்கா ஏரியில் படகில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "ஆமா, ரொம்ப நாள் ஆசை" என்றார்.

அப்படித்தான் நால்வரும் கப்பல் ஏறினார்கள்.

கப்பலைப் பற்றி விரிப்பக்காவுக்கு முதலில் பட்டது, அது போகவில்லை என்பதுதான். அது ஓர் இடத்தில் நிற்கிறது, ஊர்கள்தான் ஒவ்வொன்றாக அதனிடம் வருகின்றன. காலையில் திரையை விலக்கினால் ஜன்னலில் ஒரு துறைமுகம் ஒட்டிக்கொண்டிருக்கும்: மஞ்சள் சுவர்கள், தொங்கும் துணிகள், இன்னும் விழித்தெழாத தெருக்கள். மாலையில் அது விலகிப் போய்விடும். நடுவில் நீலம். மூட்டம் இருக்கிற நாளில் வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. உதறிப்போட்ட விரிப்பு கீழே இறங்காமல் அப்படியே நின்றுவிட்ட மாதிரி எல்லாம் மெல்ல உப்பியும் தாழ்ந்தும் கிடக்கும். மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் கிடக்கும்போது தான் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வரும். கைகள் மட்டும் மடியில் அவ்வப்போது அசையும், எதையோ மடிக்கிற மாதிரி.

முதல் நாள் காலையிலேயே அவள் கட்டிலை விரித்துச் சுருக்கமில்லாமல் செருகி வைத்துவிட்டாள். அறையைச் சுத்தம் செய்ய வந்த பணியாள் அதைப் பார்த்துவிட்டுக் கணவரிடம் கவலையோடு கேட்டான்.

"ஐயா, ராத்திரி வேற எங்கயாவது படுத்தீங்களா? அறையில ஏதும் குறையா?"

"ஒரு குறையும் இல்லப்பா. இது அந்தம்மா கையோட வியாதி."

அவன் மறுநாள் ஒரு துண்டை யானையாக மடித்துக் கட்டில் நடுவில் நிறுத்திவிட்டுப் போனான். விரிப்பக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். துதிக்கை எப்படி வந்தது என்று தெரியாமல் அவளால் உட்கார முடியவில்லை. பிரித்துப் பார்த்தாள். திரும்ப மடிக்க வரவில்லை.

"யானையக் கொன்னுட்டியேம்மா!" என்றாள் மகள்.

எல்லாம் இருந்தது. கடல் மட்டும் இல்லை. கடல் பல மாடிக்குக் கீழே கிடந்தது. கடலின் மேல் இருந்துகொண்டே கடலைத் தொட முடியாது என்பது ஏறின பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர்கள் அறை ஜன்னலும் திறக்காது. மேல்தளத்தில் ஒரு குளம் இருந்தது; அதில் தண்ணீரைவிட ஆட்கள் அதிகம். தோளோடு தோள் உரசிக் கையில் குளிர்பானத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். மருந்து வாசனை வேறு, சலவைக்கூடத்து வாசனை. அவள் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். பெட்டியின் அடியில், சால்வைக்குள் சுருட்டி, முழுக்கை வைத்த அவளுடைய நீச்சலுடை கிடந்தது. ஏன் கொண்டுவந்தோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு துறைமுகத்திலும் கரைச் சுற்றுலா உண்டு. எங்கே போவது என்று முந்தின மாலையே சொல்லிவிட வேண்டும். காலையில் பேருந்து எண் எழுதிய ஒட்டுச்சீட்டைச் சட்டையில் ஒட்டி விடுவார்கள். குச்சியில் வண்ணத் தட்டைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டியின் பின்னால் வாத்துக்கூட்டம் மாதிரி போக வேண்டும்.

முதல் ஊரில் கோட்டை. அத்தைக்குக் கோட்டை பிடிக்கும் என்றாள் மகள். தம்பிக்குப் பிடிக்கும் என்றார் அத்தை. பாப்பா சின்னதிலேயே கோட்டை பார்க்க வேண்டும் என்பாள் என்றார் கணவர். படிகள் வானத்துக்குப் போயின. பாதியில் அத்தை ஒரு பீரங்கியின்மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"யாருடா கோட்டை வேணும்னது?"

"நீங்கதானேக்கா?"

"நானா? உனக்காகல்ல தலையாட்டினேன்!"

மகள் வேறு பக்கம் திரும்பிக் கடலைப் படம் பிடித்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது கீழே கடைத்தெரு. "அம்மாவுக்குப் பை வாங்கணும்" என்று அவள் சொன்னதை அம்மா நிஜமாகவே எடுத்துக்கொண்டு, "எனக்கெதுக்கு பை, இருக்கறதே போதும்" என்று கெடுத்துவிட்டாள். கோட்டையின் உச்சியில் காற்று மட்டும் இருந்தது. நால்வரும் நின்று அதை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

இரண்டாவது ஊரில் கண்ணாடி ஊதும் பட்டறை. அதுவும் அப்படியே நடந்தது. நாள் முழுக்கக் கண்ணாடிக்கு நடுவில் நிற்கிற மகள், "அத்தைக்காகத்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பார்த்தாள்.

மூன்றாவது ஊர்தான் கடைசி. அங்கே இரண்டு வழி இருந்தது. ஒன்று மலை, அடிவாரத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியில் ஏறிப் போகலாம். இன்னொன்று கடற்கரை, வளைந்த சின்ன விரிகுடா, அலை அதிகமில்லாத தண்ணீர், நாள் முழுக்க அங்கேயே இருக்கலாம். சாப்பாட்டு மேசையில் சூப் வந்துகொண்டிருந்தது. விரிப்பக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். இதுவும் போனால் பிறகு வீடு, உருளை, மதியக் குளம். அவ்வளவுதான். மறுபடி ஒரு கடல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

"பாப்பாவுக்குக் கம்பிவடத்துல போகணும்னு ரொம்ப ஆசை" என்று ஆரம்பித்தார் கணவர். அவர் கண் ஜன்னல் வழியாகக் கப்பலின் பாரந்தூக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பியும் சக்கரமும் என்றால் அவருக்கு மற்றதெல்லாம் மங்கிவிடும்.

விரிப்பக்கா தனக்குத் தெரிந்த ஒரே வழியில் முயன்றாள். "அண்ணிக்கு முழங்கால் வலி. கடல் தண்ணியில காலை வச்சுக்கிட்டு உக்காந்தா நல்லா கேக்கும்னு சொல்வாங்க."

"எனக்கா?" அத்தை ரொட்டியைக் கிழித்தார். "உப்புத் தண்ணி பட்டாலே எனக்குத் தடிச்சுப்போயிடும்மா. மலைக்காத்துதான் உனக்கு நல்லது, ஆவியிலயே நிக்கறவ."

"பாப்பாவுக்கு மணல்ல நடக்கணும்னு..."

"ஐயோ, நான் எப்பம்மா சொன்னேன்? மணல் செருப்புக்குள்ள போனாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

கடைசிக் கதவு. "உங்களுக்கு மேல போனா தலை சுத்தாதா? கரையில உக்காந்துட்டு வரலாமே."

கணவர் சிரித்தார். "தண்ணியப் பாத்தாத்தான் எனக்குச் சுத்தும். ஒசரம் நம்ம தொழில்ல!"

அத்தையின் கண் அடுத்த ஆளைத் தேடியது. ஆள் இல்லை. மலை என்று முடிவாயிற்று. சூப் ஆறிவிட்டது.

காலையில் அவள் நீச்சலுடையை உள்ளே போட்டுக்கொண்டு, அதன்மேல் வழக்கமான உடையை உடுத்தினாள். மழை வராது என்று தெரிந்தும் குடையை எடுத்துக்கொள்கிறவர்கள் இல்லையா, அப்படி.

அந்த ஊரில் கப்பல் கரை வரை போக முடியாது. தொலைவில் நின்றுகொள்ள, சின்னப் படகுகளில் இறக்கிவிட்டார்கள். மூட்டம் இன்னும் கலையவில்லை. படகு பஞ்சுக்குள் போவதுபோல் போயிற்று. விரிப்பக்கா ஓரத்தில் உட்கார்ந்து கையைக் கீழே விட்டாள். முதல்முறையாகக் கடல் விரலில் பட்டது. குளத்துத் தண்ணீரைவிடக் கனம். விரல்களைப் பிடித்து லேசாகப் பின்னுக்கு இழுத்தது, துணியின் மறுமுனையில் யாரோ இருப்பதுபோல.

இறங்குதுறையில் இடது பக்கம் மலைப் பேருந்து. வலது பக்கம் மரங்களுக்கு நடுவே கடற்கரைக்கு ஒரு நடைபாதை. வழிகாட்டி தட்டைத் தூக்கினான். அத்தை நடந்தார், மகள் நடந்தாள், கணவர் நடந்தார். விரிப்பக்கா நின்றாள்.

"எனக்குக் கடல்ல எறங்கணும்" என்றாள்.

மூவரும் திரும்பினார்கள். முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அத்தை மகளிடம் மெதுவாக, "உனக்கா வேணும்?" என்றார்.

"எனக்கில்ல அத்தை. அப்பாவுக்கோ?"

"நான் ஒண்ணும் சொல்லலயே" என்றார் கணவர்.

"யாருக்காகம்மா கேக்கற?" என்றாள் மகள்.

"எனக்காக."

இந்தச் சொல் அவர்கள் நடுவில் விழுந்து கொஞ்ச நேரம் கிடந்தது. யாரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"எறங்கி?" என்றார் கணவர். "உனக்கு நீச்சல் தெரியாதே."

"நீச்சல் தெரியாது. மிதக்கத் தெரியும். மிதக்க மட்டும்."

"எப்படி?"

அவள் சொன்னாள். சலவைக்கூடத்துப் பக்கத்துக் குளம், மதிய நேரம், துண்டக்காவின் இடுப்பு, விசில்காரி. சொல்லச் சொல்லக் கணவரின் முகம் மாறியது. அவர் பார்த்துச் சரியென்று விட்டுவந்த லிஃப்ட் மறுநாளே நின்றுபோனால் வருகிற முகம் அது.

"எத்தன நாளா?"

"போன வெயில் காலத்துலேர்ந்து."

"அடேயப்பா." அவர் சட்டையில் ஒட்டியிருந்த சீட்டை விரலால் நீவினார். "ஒரு வார்த்தை சொல்லல."

"யார் பேர்ல சொல்றது?" என்றாள் அவள். குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்ட மாதிரிதான் இருந்தது.

அவர் பேருந்துப் பக்கம் போனார். மகள் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"நான் ஒங்கூட வரேம்மா."

"ஒனக்குக் கடல் வேணுமா?"

மகள் யோசித்தாள். பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "வேணாம்" என்றாள், கொஞ்சம் திகைத்துப்போய். "எனக்கு மேல போய் ஃபோட்டோ எடுக்கணும்."

"அப்ப போ."

"சரி, ஆளாளுக்குக் கெளம்பிட்டீங்க" என்றார் அத்தை. "அப்ப நானும் சொல்லிடறேன். எனக்கு மலையும் வேணாம், கடலும் வேணாம். கப்பல்ல அந்த மெத்தை நாற்காலி இருக்கு பாரு, அதுல யார் தொந்தரவும் இல்லாம ஒரு நாளாவது தூங்கணும். வந்ததுலேர்ந்து உங்களுக்காக ஏறி எறங்கி எனக்கு முட்டியே போச்சு." சொன்னவர் திரும்பி, வந்த படகிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். மூட்டத்துக்குள் படகு போகும்போது கை வேறு ஆட்டினார்.

விரிப்பக்கா நடைபாதையில் தனியாக நடந்தாள். தனியாக நடப்பது புதிதில்லை. வேலைக்குத் தினமும் தனியாகத்தான் போகிறாள். ஆனால் இப்போது ஒவ்வோர் அடியும் கொஞ்சம் உயரமாக விழுந்தது. கணவரின் முகம் கூடவே வந்தது. திரும்பிப் போய்ப் பேருந்தில் ஏறிவிடலாமா என்று இரண்டு முறை தோன்றியது. இரண்டாவது முறை தோன்றியபோது மரங்கள் முடிந்துவிட்டன.

மூட்டம் விலகிக்கொண்டிருந்தது. வெளிர்ப்பச்சைத் தண்ணீர் கரையில் வந்து நாக்கை நீட்டிவிட்டுப் போயிற்று. அங்கங்கே ஆட்கள். குடைகள். மேல் உடையைக் கழற்றி மடித்து, ஓரங்களைச் சரிபார்த்து ஒரு பாறையில் வைத்துவிட்டு, இடுப்பளவு வரை போனாள். மல்லாந்தாள்.

கடல் அவள் மூக்கில் ஏறியது. குளம் சும்மா படுத்திருக்கும். இது மூச்சு விடுகிறது. அவள் இருமிக்கொண்டு எழுந்தாள். உப்பு தொண்டையை அரித்தது. பக்கத்தில் ஒரு குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. மறுபடி படுத்தாள், மறுபடி கால் கீழே போயிற்று. இதற்காகவா அவ்வளவும் பேசினோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. வாய் முழுக்க உப்பாக இருந்ததால் அது தனியாகத் தெரியவில்லை.

அப்படியே நின்று பார்த்தாள். ஓர் அலை உப்பி வருகிறது, தாழ்கிறது, போகிறது. மறுபடி வருகிறது. அவசரமே இல்லை. உப்பும்போது எதிர்த்துக்கொண்டு படுத்தால் முகத்தில் அடிக்கிறது. தாழும்போது தலையைக் கொடுத்தால் அடுத்ததில் தானே ஏறிக்கொள்ளலாம். அவள் காத்திருந்தாள். ஒன்று வந்தது, இறங்கியது. தலையைக் கொடுத்தாள்.

அது வைத்துக்கொண்டது.

காது உள்ளே போயிற்று. உருளை இல்லை. அதன் இடத்தில், எங்கோ அடியில், கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய ஓசை. அரிசி களையும் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல. வானம் கலங்கலான வெள்ளையாக இருந்து மெதுவாக நீலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் உயர்ந்தாள், தாழ்ந்தாள். யாரோ இருவர், மிகப் பெரியவர்கள், நான்கு முனையையும் பிடித்துக்கொண்டு அவளை உதறாமல் வெறுமனே காற்றில் வைத்திருப்பதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மேலே கம்பிவடத்தில் ஒரு சின்னப் பெட்டி எறும்பு மாதிரி ஊர்ந்து போயிற்று. அதில் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்போல் இருந்தது. யோசனை வருவதற்குள் பெட்டி போய்விட்டது. பிறகு இன்னொரு பெட்டி, வேறு திசையில். அவள் சின்னப் பெண்ணாக இருந்தாள், மகளைச் சுமந்திருந்தாள், இஸ்திரி அறையில் இருந்தாள், எங்கும் இல்லை. கைகள் இரண்டும் விரிந்து கிடந்தன. எதையும் மடிக்கவில்லை.

முகத்தில் ஒரு நிழல் விழுந்தது.

கண் திறந்தாள். கணவரின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. வாய் வேகமாக அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. சலவைக்கூடத்துப் பழக்கத்தில் உதட்டைப் படித்தாள்: பதறாத, பதறாத, இதோ ஆச்சு.

அவள் எழுந்து நின்றாள். அவர் தொடையளவு தண்ணீரில் நின்றார். காலில் ஷூ. பேன்ட் காற்றடைத்துப் பலூனாக உப்பியிருந்தது. சட்டையில் ஒட்டுச்சீட்டு. மூச்சு வாங்கியது. கரையில் மகள், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, மணலை மிதிக்காமல் ஒரு பாறைமேல் நின்றாள்.

"என்ன ஆச்சு?" என்றாள் விரிப்பக்கா.

"மேலேர்ந்து பாத்தோம்" என்றார். "எல்லாரும் புள்ளி புள்ளியா அசைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு புள்ளி மட்டும் அசையவே இல்ல. பெட்டிய நிறுத்தச் சொன்னா நடுவுல நிறுத்த முடியாதுங்கறான் பெட்டிக்காரன். எங்கிட்டயே சொல்றான், 'பதறாதீங்க'ன்னு. மேல போய் அதே பெட்டியில திரும்பி..." அவருக்கு மூச்சு முட்டியது. "பாப்பா ரொம்ப பயந்துட்டா."

விரிப்பக்கா பாறைப் பக்கம் பார்த்தாள். மகள் கேமராவில் தான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கை அவள் முழங்கைக்குக் கீழே வந்து பிடித்திருந்தது. தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றுகிறவர். பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட சொல்லுங்க" என்றாள். "ஒண்ணும் ஆகலன்னு. மிதக்கறப்ப அசையக்கூடாது, அதான்."

"சொல்றேன்." அவர் தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து, "அவளுக்குக் கோவமும் இருக்கு. இத்தன நாள் சொல்லலயேன்னு" என்றார்.

"இருக்கட்டும். அது நியாயந்தான்னு சொல்லுங்க."

ஓர் அலை வந்து இருவரையும் லேசாகத் தூக்கி வைத்தது. அவர் தடுமாறி அவளைப் பிடித்துக்கொண்டார். அவள் பிடித்துக்கொள்ள விட்டாள்.

"பேன்ட்டப் பாருங்க" என்றாள். "மூணு நாள் காயாது. இந்த உப்பு அவ்வளவு லேசுல போகாது."

"போவட்டும். எப்படிப் படுப்ப, இன்னொருதரம் காட்டு. நான் சரியாப் பாக்காமயே பயந்துட்டேன்ல." தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"நிப்பீங்களா? தலை சுத்தாது?"

"ஒன்னைத்தானே பாக்கப்போறேன்."

அவள் அடுத்த அலை தாழும்வரை காத்திருந்தாள். பிறகு தலையைத் தண்ணீருக்குக் கொடுத்தாள். காது மூழ்குவதற்கு முன்பு கடைசியாகக் கேட்டது, அவர் கரையைப் பார்த்து மகளுக்கு ஏதோ சத்தம் போட்டுச் சொன்னதுதான். என்ன என்று கேட்கவில்லை. அவர் நிழல் அவள் கண்ணில் வெயில் படாத இடமாகப் பார்த்து நகர்ந்து நின்றுகொண்டது.